தங்கம் விலைக்குப் பக்கத்தில் ஒரு வரி

ஆசிரியருக்கு,

போன வாரம் ராத்திரி ஏழு மணி இருக்கும். மொட்டைமாடியில் காயப்போட்ட வடகத்தை எடுக்கப் போன என் மனைவி, "என்னங்க, நட்சத்திரம் நடக்குது!" என்று கூப்பிட்டாள். வடமேற்கிலிருந்து வந்த அது விமானம் மாதிரி கண்சிமிட்டவில்லை, சத்தமும் இல்லை. தென்கிழக்கே தென்னைமரத்துக்கு மேலே வந்ததும் பொசுக்கென்று மறைந்தது.

சர்வதேச விண்வெளி நிலையம்தான். சுமார் 400 கி.மீ. உயரத்தில், மணிக்கு 28,000 கி.மீ. வேகம். நமக்கு இருட்டிய பிறகும் அங்கே வெயில் அடிப்பதால் மின்னுகிறது. பூமியின் நிழலுக்குள் நுழைந்தால் காணோம். எந்த ஊரில் எப்போது தெரியும் என்று நாசாவின் 'ஸ்பாட் தி ஸ்டேஷன்' (Spot the Station) செயலியில் பார்க்கலாம். தங்கம் விலைக்குப் பக்கத்தில் நீங்களும் அதை ஒரு வரி போடலாமே? அன்றைக்கு டியூஷனில் இருந்த பேரன் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

ஓய்வு பெற்ற தபால்காரர்,
மன்னார்குடி