பெருந்தன்மை அல்ல, கடன்

ஆசிரியருக்கு,

பருவநிலை மாற்றத்தில் நாடுகளின் கடமை குறித்து ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம் 2025 ஜூலை 23 அன்று வழங்கிய ஆலோசனைக் கருத்தைப் பற்றிய தலையங்கம் படித்தேன். பசிபிக் பெருங்கடலிலுள்ள வனுவாட்டு போன்ற தீவு நாடுகளின் வெற்றி என்று பாராட்டியது சரியே. ஆனால், பாதிக்கப்பட்ட நாடுகளுக்கான இழப்பீட்டைத் தலையங்கம் பணக்கார நாடுகளின் பெருந்தன்மைக்கு விட்டிருப்பதை ஏற்க முடியவில்லை. பொதுவில் கிடப்பதை ஒருவர் எடுத்துக்கொள்ளலாம். ஆனால், மற்றவர்க்கும் போதுமான அளவில், அதே தரத்தில் மிஞ்ச வேண்டும் என்றார் 17-ஆம் நூற்றாண்டு ஆங்கில மெய்யியலாளர் ஜான் லாக். தனியுடைமைக்காக அத்தனை உறுதியாக வாதாடியவரே விதித்த நிபந்தனை இது. (அவர் வாதத்தைக் கொண்டே அமெரிக்கப் பூர்வகுடிகளின் நிலம் பறிக்கப்பட்டது என்பதையும் மறக்கலாகாது.) கரியமில வாயுவைத் தாங்கும் வளிமண்டலத்தின் கொள்ளளவும் பொதுச்சொத்துதான். தொழிற்புரட்சி தொட்டு அதில் பெரும்பகுதியை நிரப்பியவை ஐரோப்பாவும் அமெரிக்காவும். சீனாவும் இந்தியாவும் பின்னர் சேர்ந்துகொண்டன. வனுவாட்டுவின் பங்கு கணக்கில் எடுக்கும் அளவுக்குக்கூட இல்லை.

கல்லூரியில் மெய்யியல் கற்பிக்கிறேன். லாக்கின் இந்தப் பகுதியை நடத்தியபோது மீனவக் குடும்பத்து மாணவி ஒருத்தி எழுந்து, "எடுத்தவர் திருப்பித் தர முடியாததை எடுத்திருந்தால்?" என்று கேட்டாள். இழப்பீடு அங்கேதான் கடனாகிறது. பருவநிலை மாற்றத்தால் பாதிக்கப்படும் வளரும் நாடுகளுக்கு உதவ, 2022-இல் எகிப்தின் ஷார்ம் எல் ஷேக்கில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டில் ஒப்புக்கொள்ளப்பட்ட ‘இழப்பு, சேத நிதி’க்கு நாடுகள் விரும்பினால் மட்டுமே பணம் தருகின்றன. ஒவ்வொரு நாடும் இதுவரை வெளியேற்றிய அளவை வைத்து அதன் பங்கை நிர்ணயிக்க வேண்டும் என்று அடுத்த ஐ.நா. பருவநிலை மாநாட்டில் இந்தியா முன்மொழிய வேண்டும். தன் பங்கையும் அதே கணக்கில் ஏற்க வேண்டும்.

– மெய்யியல் பேராசிரியர் ஒருவர், நாகர்கோவில்