நாலு வசனம் போதும், கண்ணு

மஞ்சக்குப்பம், கடலூர்

கர்த்தருக்குள் பிரியமான மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் தேவகிருபையால் சுகம். உன் சுகத்துக்காகக் காலையும் மாலையும் ஜெபிக்கிறோம்.

போன வெள்ளிக்கிழமை போனில் ஒன்று சொன்னாய். வருஷத்துக்குள் வேதாகமத்தை முடிக்கிற அட்டவணைப்படி தினமும் வாசிக்கிறாய். ஆனால் ஆஸ்பத்திரி வார்டுக்குப் போய், முந்தின ஷிஃப்ட் நர்ஸிடம் நோயாளிகளின் பொறுப்பை (ஹேண்ட் ஓவர்) வாங்குவதற்குள் காலையில் வாசித்தது என்னவென்றே நினைவில்லை, ஜெபமும் வறண்டு கிடக்கிறது என்றாய். உனக்குப் பேச ஐந்து நிமிஷம்தான் இருந்தது. நான் சொல்ல நினைத்தது அதற்குள் அடங்காது. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் கணக்கைப் பார். வேதாகமத்தில் 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள். 365 நாளில் முடிக்க வேண்டுமானால் நாளுக்கு மூன்று அதிகாரத்துக்கு மேல் ஓட வேண்டும். பன்னிரண்டு மணி நேர டூட்டிக்கு நடுவே அப்படி ஓடுகிறவள் மனசில் வசனம் தங்காததற்கு, உன் விசுவாசத்தைக் குறை சொல்லிக்கொள்ளாதே. மாட்டுக்கு மேய்கிற நேரம் வேறு, நிழலில் படுத்து அசைபோடுகிற நேரம் வேறு. நீ மேய்ந்துகொண்டே இருக்கிறாய், படுக்கவே இல்லை. வேதத்தை முழுக்க வாசிப்பதை விட்டுவிடச் சொல்லவில்லை. இரண்டு வருஷம் எடுத்துக்கொள், ஆஃப் கிடைக்கிற நாளில் சேர்த்து வாசி. ஆனால் தியானத்துக்கென்று வைக்கிற அரைமணியில் அந்த அட்டவணையைத் திறக்காதே.

தியானம் என்றால் கண்ணை மூடி, மனசைக் காலியாக்கி உட்காருவது என்று நினைக்கிறவர்கள் நம் சபையிலும் உண்டு. சங்கீதம் 1:2-ல் "இரவும் பகலும் அவருடைய வேதத்தில் தியானமாயிருக்கிற மனுஷன்" என்ற இடத்தில் எபிரெயுவில் இருக்கிற வினைச்சொல் 'ஹாகா'. வாய்க்குள் முணுமுணுப்பது, உறுமுவது என்று பொருள். ஏசாயா 31:4-ல் சிங்கம் இரையைப் பிடித்துக்கொண்டு உறுமுகிறதே, அங்கேயும் இதே சொல். 38:14-ல் எசேக்கியா ராஜா "புறாவைப்போல் புலம்பினேன்" என்கிறாரே, அதுவும் இதே சொல். யோசுவா 1:8-ல் இந்தப் புஸ்தகம் "உன் வாயைவிட்டுப் பிரியாதிருப்பதாக" என்று கர்த்தர் வாயைத்தான் குறிப்பிடுகிறார், கவனித்தாயா? இன்னும் ஒன்று. சங்கீதம் 2:1-ல் ஜனங்கள் "விருதாக்காரியத்தைச் சிந்திப்பானேன்" என்கிற இடத்திலும் இதே வினைதான். அப்படியென்றால் மனுஷர் எல்லாருமே எதையோ முணுமுணுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். மேலே இருக்கிறவர்கள் கடிந்து சொன்ன ஒரு வார்த்தையை ஷிஃப்ட் முழுக்க உள்ளுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொள்கிறாயே, அந்த வேலையை ஒரு வசனத்துக்குக் கொடு என்பதுதான் நான் கேட்பது.

நேரத்தைப் பற்றி. காலை டூட்டி என்றால் கிளம்புவதற்கு முன் அரைமணி. நைட் டூட்டி முடித்து வந்து உட்காராதே; கண் சொக்கும், அதற்கும் உன்னையே நொந்துகொள்வாய். அந்த வாரங்களில் தூங்கி எழுந்து, சாயங்காலம் குளித்த பிறகு வை. ஈசாக்கு தியானம்பண்ணப் போனது சாயங்கால வேளையில் (ஆதியாகமம் 24:63). தாவீது "இராச்சாமங்களில் உம்மைத் தியானிக்கிறேன்" என்கிறார் (சங்கீதம் 63:6). எந்த நேரமாக இருந்தாலும் அந்த வாரம் முழுக்க அதே நேரம், அதே நாற்காலி. போனை வேறு அறையில் வைத்துவிட்டு வா. போனில் உள்ள வேதாகமம் தேடுவதற்கு நல்லது, தியானத்துக்கு உதவாது: வசனத்துக்கு மேலேயே மெசேஜ் வந்து விழும்.

பிலிப்பியரில் தொடங்கு. 4 அதிகாரம், 104 வசனம். நாளுக்கு நாலு வசனம் என்றால் 26 நாள் வரும். நாலு என்பது சுமாரான அளவுதான். பொருள் எங்கே முடிகிறதோ அங்கே நிறுத்து. ஒரு நாள் மூன்று, ஒரு நாள் ஆறு ஆகட்டும். அடுத்து மாற்கு. அதன் பிறகு 119-ஆம் சங்கீதம்: 176 வசனம், எட்டெட்டாக 22 பகுதி, 22 நாள். லேவியராகமத்திலும் வெளிப்படுத்தலிலும் தொடங்கி நடுவில் நின்றுபோனவர்கள் நிறையப் பேர். அவை பிறகு வரட்டும்.

தமிழிலேயே வாசி. வேலையெல்லாம் ஆங்கிலத்தில் நடக்கிறது, சரி. ஆனால் அழுகை எந்த மொழியில் வருகிறதோ அந்த மொழியில் வசனமும் உள்ளே இறங்க வேண்டும். நமக்குத் தெற்கே இதே கடற்கரையில் இருக்கிற தரங்கம்பாடியில் 1715-லேயே தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டது அதற்காகத்தான்.

இனி முறை. முதலில் இரண்டு நிமிஷம் அமைதி. சங்கீதம் 119:18-ஐ ஜெபமாகச் சொல்: "உமது வேதத்திலுள்ள அதிசயங்களை நான் பார்க்கும்படிக்கு, என் கண்களைத் திறந்தருளும்." பிறகு அந்தப் பகுதியை நாலு தரம் வாசி. முதல் தரம் சாதாரண வேகத்தில், சத்தமாக. அறையில் யாராவது தூங்கினால் உதடு அசைந்தால் போதும். இரண்டாம் தரம் பாதி வேகத்தில், ஒவ்வொரு நிறுத்தக்குறியிலும் மூச்சு விட்டு. மூன்றாம் தரம் நோட்டில் கையால் எழுது. இதைத் தவிர்க்கத் தோன்றும், தவிர்க்காதே. கண் தாண்டிப் போகிற சொல்லைக் கை தாண்டிப் போகாது. நாலாம் தரம், எந்தச் சொல்லில் மனசு நிற்கிறதோ அங்கேயே நின்றுவிடு. இதற்கெல்லாம் பத்து, பன்னிரண்டு நிமிஷம் ஆகும்.

உனக்கு மனப்பாடமான 23-ஆம் சங்கீதத்தையே எடுத்துக்காட்டாக எடுக்கிறேன். மனப்பாடமானதில்தான் நாம் பார்க்காமல் விட்டது அதிகம். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்; நான் தாழ்ச்சியடையேன்" என்று தொடங்குகிறதே, தாழ்ச்சியடையேன் என்பதற்கு என்ன பொருள்? இன்றைய பேச்சில் தாழ்ச்சி என்றால் தாழ்ந்து போவது, பணிவு என்று காதில் விழுகிறது. இங்கே அதற்குக் குறைவு, இல்லாமை என்று பொருள். உன்னோடு தங்கியிருக்கிற புதுச்சேரிப் பிள்ளை கத்தோலிக்கச் சபைதானே, அவளுடைய திருவிவிலியத்தைக் கேட்டு வாங்கிப் பார்: "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை" என்றிருக்கும். ஒரு சொல் புரியாவிட்டால் இப்படி இரண்டு மொழிபெயர்ப்பை ஒப்பிட்டாலே பெரும்பாலும் விளங்கிவிடும். விளக்க உரைப் புத்தகத்தைக் கடைசியில் திற. முதலிலேயே திறந்தால் அதை எழுதியவர் மென்றதைத்தான் நீ விழுங்குவாய்.

அதே சங்கீதத்தில் பெயர்ச்சொற்களை விட்டுவிட்டு, தாவீது கர்த்தரை எப்படி அழைக்கிறார் என்று மட்டும் பார். 1 முதல் 3 வரை "கர்த்தர்", "அவர்". புல்லும் தண்ணீரும் இருக்கிற இடத்தில் தாவீது கர்த்தரைப் பற்றி நம்மிடம் பேசுகிறார். நாலாம் வசனத்தில் மரண இருளின் பள்ளத்தாக்கு வருகிறது. உடனே "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்" என்று பேச்சு திரும்பிவிடுகிறது. இருட்டுக்குள் நுழைந்ததும் "அவர்" போய் "நீர்" ஆகிவிட்டது. வேகமாகச் சொல்லும்போது இது கண்ணில் படவே படாது. ஐசியூவில் இரவு மூன்று மணிக்கு இது உனக்கு வேண்டும், கண்ணு.

பார்த்ததை ஜெபமாக்க வேண்டும். சபைச் சீர்திருத்தம் செய்த மார்ட்டின் லுத்தர் 1535-ல் தம் நாவிதர் பேதுருவுக்கு ஜெபத்தைப் பற்றி எழுதியபோது, பத்துக் கட்டளைகளில் ஒவ்வொன்றையும் நாலு இழை மாலையாக எடுக்கச் சொன்னார்: பாடம், நன்றி, பாவ அறிக்கை, விண்ணப்பம். இது எந்த வசனத்துக்கும் பொருந்தும். "தாழ்ச்சியடையேன்" என்பதை எடு. பாடம்: என்னை நடத்துகிற பொறுப்பு மேய்ப்பருடையது. நன்றி: இந்த மாதம் தீர்ந்த மூன்று குறைவுகளைப் பெயர் சொல்லி நன்றி சொல், 'எல்லாவற்றுக்காகவும் ஸ்தோத்திரம்' என்று மொத்தமாகச் சொல்லாதே. அறிக்கை: குறைவுபட்டுப்போவேனோ என்ற பயத்தில் யார் மேல் பொறாமைப்பட்டேன், யாருக்குக் கொடுக்காமல் விட்டேன். விண்ணப்பம்: அந்த ஒரு காரியத்துக்கு மட்டும். இழைக்கு இரண்டு நிமிஷம், மொத்தம் எட்டு. நடுவில் ஏதாவது ஓர் இழையில் பரிசுத்த ஆவியானவர் பேசத் தொடங்கினால் மற்ற இழைகளை விட்டுவிட்டுக் கேள் என்றும் லுத்தரே சொல்லியிருக்கிறார்.

கடைசியாக நோட்டில் ஒரு வரி: இன்றைக்கு நான் செய்யப்போவது என்ன. "அன்பாக இருப்பேன்" என்று எழுதினால் அது வரி ஆகாது. பிலிப்பியர் 4:5-ல் "உங்கள் சாந்தகுணம் எல்லா மனுஷருக்கும் தெரிந்திருப்பதாக" என்று வந்த அன்று, "ஏழாம் பெட் அம்மா ஐந்தாம் தரம் கூப்பிட்டாலும் முகம் சுளிக்காமல் போவேன்" என்று எழுது. இரவில் படுக்கும் முன் அந்த வரிக்குப் பக்கத்தில் செய்தேன், செய்யவில்லை என்று ஒரு குறி.

பகலில் அசைபோடுவதற்கு உனக்கு வசதி நிறைய இருக்கிறது. ஒரு நாளில் எத்தனை தரம் கை கழுவுகிறாய்! ஒவ்வொரு தரமும் 40 விநாடியாவது ஆக வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். காலையில் நின்ற அந்த ஒரு சொற்றொடரை அந்த நேரத்தில் மாஸ்குக்குள் இரண்டு தரம் சொல். லுத்தர் 1539-ல் தியானத்தைப் பற்றி எழுதியபோதும் இருதயத்தில் மட்டும் வைத்துக்கொள்ளாமல் வாயால் திரும்பத் திரும்பச் சொல்லத்தான் சொன்னார். மருந்து எடுக்கிற, டோஸ் கணக்கிடுகிற நேரத்தில் மட்டும் வேண்டாம். அப்போது உன் முழுக்கவனமும் நோயாளிக்கு.

எங்கே தடுமாறும் என்பதையும் சொல்கிறேன்.

வசனத்தைப் பிடுங்கி எடுப்பதுதான் பெரிய தவறு. புதுவருஷ வாக்குத்தத்த அட்டையில் வருகிற எரேமியா 29:11, "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்பது, எல்லாருக்கும் தெரியும். அதற்கு முந்தின வசனத்தில் "எழுபது வருஷம்" என்றிருப்பது தெரியாது. பாபிலோனுக்குச் சிறைபட்டுப்போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. கேட்டவர்களில் பலர் திரும்பி வருவதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்ற பிலிப்பியர் 4:13-ம் அப்படித்தான். 11, 12-ஐச் சேர்த்து வாசித்தால் பவுல் பட்டினியையும் நிறைவையும் ஒன்றுபோலத் தாங்கக் கற்றதைப் பேசுகிறார், அதுவும் காவலில் இருந்துகொண்டு. பரீட்சை பாஸாக அந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டு, பாஸாகாதபோது தேவன்மேல் வருத்தப்படுகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு மனசு வலிக்கிறது. ஆகவே முன்னும் பின்னும் பத்துப் பத்து வசனம் ஒருமுறை வாசித்துவிட்டு உட்கார். கண்ணை மூடித் திறந்த பக்கத்தில் விரல் வைத்து எடுப்பது அறவே வேண்டாம்.

மனசு அலைந்தால் பதறாதே. வந்து குறுக்கிடுகிற வேலையை நோட்டின் ஓரத்தில் ஒரு சொல்லாக எழுதிவிட்டு வசனத்தின் முதல் சொல்லுக்குத் திரும்பு. பத்துத் தரம் அலைந்தால் பத்துத் தரம் திரும்பு. கிடைத்த வசனத்தை உடனே ஸ்டேட்டஸில் போடாதே. அன்று இரவு குறி போட்ட பிறகு வேண்டுமானால் போடு. 137-ஆம் சங்கீதத்தின் கடைசி வசனம் போலத் திடுக்கிடவைக்கிற இடம் வந்தால், புரிந்ததாகப் பாசாங்கு செய்யாதே. ஒரு கேள்விக்குறி போட்டு வைத்து, அங்கே உங்கள் போதகரிடம் கேள். விட்டுப்போன நாளைச் சேர்த்து ஈடுகட்டவும் வேண்டாம். நேற்றைய நாலு வசனம் இன்றைக்கு எட்டாகக் கூடாது. விட்ட இடத்தில் தொடங்கினால் போதும்.

வறட்சியைப் பற்றிக் கேட்டாயே. ஒரு நாள் டெம்பரேச்சரை மட்டும் பார்த்து நீங்கள் முடிவு எடுப்பதில்லை, சார்ட்டில் போக்கைத்தானே பார்க்கிறீர்கள்? நோட்டையும் மாதக் கடைசியில் ஒருமுறை முதலிலிருந்து புரட்டு. எந்தப் பாவம் திரும்பத் திரும்ப வருகிறது, எந்த விண்ணப்பம் நின்றுபோனது, கோபம் குறைந்திருக்கிறதா என்று அதில் தெரியும். தினமும் நெஞ்சு உருகவேண்டும் என்று எதிர்பார்க்காதே. சங்கீதம் 1:3 "தன் காலத்தில் தன் கனியைத் தந்து" என்கிறது. 2011 டிசம்பர் 30-ல் 'தானே' என்ற புயல் வந்தபோது பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மறுபடி நட்டவர்கள் அடுத்த கோடையிலேயே பழம் தேடிப் போகவில்லை. தண்ணீர் ஊற்றினார்கள், ஆட்டு வாய்க்குத் தப்ப வேலி கட்டினார்கள். அந்த வேலைதான் இந்த அரைமணி. வறட்சி மாதக்கணக்கில் நீடித்து, தூக்கமும் சாப்பாடும் கெட்டால் அது வேறு. அப்போது தியானத்தை மட்டும் நம்பி உட்காராமல் டாக்டரைப் பார், எனக்கும் சொல்.

அடுத்த வாரம் அங்கே திரும்புகிற நம் தெருப் பிள்ளை கையில் 80 பக்க நோட்டு ஒன்றும், பெரிய எழுத்து வேதாகமமும், பண்ருட்டி முந்திரி அரைக்கிலோவும் கொடுத்தனுப்புகிறேன். திங்கள்கிழமை பிலிப்பியர் 1:1-6-ல் தொடங்கு. நானும் அதே நாளில் அதே பகுதியை எடுக்கிறேன். வெள்ளிக்கிழமை ஆராதனை முடிந்து நீ கூப்பிடும்போது உன் ஊர் நேரத்தைவிட இங்கே இரண்டரை மணி நேரம் கூடுதலாக ஆகியிருக்கும், பரவாயில்லை, விழித்திருப்பேன். அந்த வாரத்தில் நீ நின்ற ஒரு சொல்லை மட்டும் எனக்குச் சொல்.

அன்புடன்,
அம்மா