மாற்றுத்திறன் மதிப்பீட்டு மருத்துவ வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். ஸ்கூட்டர் விபத்தில் மூளைக்காயம் பட்ட என் கணவர் மாற்றுத்திறன் சான்றிதழ் கேட்டுப் போட்ட மனுவைச் சென்ற மாதம் திருப்பி அனுப்பினீர்கள். சிடி ஸ்கேன் நார்மல், கைகால் நன்றாக இருக்கிறது, கேட்டதற்குப் பதில் சொல்கிறார் என்றீர்கள். பெயர் கேட்டீர்கள், சொன்னார். கிழமை கேட்டீர்கள், சொன்னார். நடக்கச் சொன்னீர்கள், நடந்தார். நான் பேச வாயெடுத்ததும், "அம்மா, நீங்க சும்மா இருங்க, அவரே சொல்லட்டும்" என்றார் உங்களில் ஒருவர். கவனம், வேகம், நினைவு ஆகியவற்றை அளக்கும் நரம்பு உளவியல் சோதனையின் அறிக்கை என் கையில் இருந்தது, அதை யாரும் கேட்கவில்லை. அதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். மூளைக்காயம் பட்டவரை மதிப்பிடும்போது அந்த அறிக்கையைப் படியுங்கள், கூட இருப்பவரைப் பேசவிடுங்கள்.

அவர் எஸ்.பி. ரோடில் ஒரு எலக்ட்ரிகல் கடையில் கவுண்டரில் நின்றவர். பெங்களூரில் அந்த வேலைக்கு நாலு பாஷை வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். வாடிக்கையாளரிடம் கன்னடம், மொத்த வியாபாரியிடம் இந்தி, குடோன் பையனிடம் தெலுங்கு, முதலாளியிடம் தமிழ் என்று மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டே பில் போடுவார். இன்றும் அமைதியான அறையில் ஒரே ஒருவர் நிதானமாகப் பேசினால் எந்தப் பாஷையிலும் குறையில்லை. நீங்கள் பார்த்தது அதைத்தான்.

இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் தீர்ந்தது. விபத்துக்குப் பிறகு வேலைக்குத் திரும்பியபோது ஒருவர் கன்னடத்தில் ஏதோ ஒரு சுவிட்ச் விலை கேட்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்து போன், இந்தியில். போனை வைத்துவிட்டு எதிரில் நின்றவரிடம் இந்தியிலேயே ஆரம்பித்து, பாதியில் நின்று, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம். கன்னடம் மறக்கவில்லை, விலையும் மறக்கவில்லை. அந்த ஆள் பக்கத்துக் கடைக்குப் போன பிறகு சரியான விலையைச் சரியான கன்னடத்தில் சொல்லியிருக்கிறார். முதலாளி நல்ல மனிதர், சில வாரம் பொறுத்துப் பார்த்தார். அப்புறம் அவர்தான் என்ன செய்வார்?

இதை உங்களுக்கு விளக்க நான் யார்? ஆனாலும் படித்ததைச் சொல்கிறேன். தலை வேகமாகச் சுழன்று சட்டென்று நிற்கும்போது, மூளையின் பகுதிகளை இணைக்கும் நீண்ட நரம்பிழைகள் இழுபடுகின்றன. பல இழைகள் அந்த நொடியே அறுவதில்லை. உள்ளே பொருள்கள் நகர்வது தடைபட்டு, வீங்கி, மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும் துண்டாகின்றன. மூளையின் இரு பாதிகளைச் சேர்க்கும் பட்டையில் மட்டும் சுமார் 20 கோடி இழைகள் ஓடுகின்றன. ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாற, ஒரு வலைப்பின்னல் அடங்கி மற்றொன்று எழ வேண்டும். இணைப்பு பழுதானால் அந்த மாற்றம்தான் தாமதமாகிறது. ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் சிடி காட்டும். இந்தச் சேதத்தைப் பெரும்பாலும் காட்டாது. கடும் தலைக்காயம் பட்டவர்களின் மூளையில் வெண்பொருள், அதாவது இந்த இழைகள் ஓடும் பகுதி, பரவலாகச் சிதைந்திருப்பதை சபீனா ஸ்ட்ரிச் என்ற மருத்துவ ஆய்வாளர் 1956-லேயே எழுதிவிட்டார். அது இன்னும் உங்கள் மேசைக்கு வந்து சேரவில்லை போலிருக்கிறது.

அவர் ஹெல்மெட் போட்டிருந்தார். மண்டை உடையவில்லை, அதனால் படம் சுத்தமாக வந்தது. உடைந்திருந்தால் சான்றிதழ் கிடைத்திருக்குமோ என்னவோ! ஸ்கூட்டர் விழுந்த பள்ளம் மூன்றாம் நாளே மூடப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். ஒரு ஆள் விழுந்தால்தான் ஜல்லி வருமென்றால், இந்த ஊரில் இன்னும் எத்தனை பேர் விழ வேண்டும் என்று மாநகராட்சியைத் தனியாகத்தான் கேட்க வேண்டும். மன்னிக்கவும், அது உங்கள் துறை இல்லை.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் அட்டவணையில் 21 வகைகள் உள்ளன. தலைக்காயம் என்று தனியாக ஒன்று அதில் இல்லை. ஆனால் நாள்பட்ட நரம்பியல் பாதிப்புகள் என்ற பிரிவில் பார்கின்சனும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸும் எடுத்துக்காட்டாகத்தான் வருகின்றன. மூளைக்காயத்தை அங்கே வைத்துப் பார்க்க உங்களுக்கு என்ன தடை? சலுகைகளுக்கு வேண்டிய 40 சதவீதப் பாதிப்பு வருமா வராதா என்பது அளந்த பிறகு பேச வேண்டியது. நீங்கள் அளக்கவே இல்லையே.

விலை உயர்ந்த புதுவகை எம்.ஆர்.ஐ. எடுங்கள் என்று நான் கேட்கவில்லை. தனி ஒரு நோயாளியைப் பற்றி அது இன்னும் தீர்மானமாகச் சொல்லாது என்பது எனக்கும் தெரியும். கவனம், வேகம், நினைவு ஆகியவற்றைச் சோதிக்க, நம் நாட்டு மக்களிடமே அளந்து நிர்ணயித்த சோதனைத் தொகுப்பை, மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸ் 2004-லேயே வெளியிட்டிருக்கிறது. இதே ஊரில், ஓசூர் ரோடில் இருக்கிற நிறுவனம். அந்த வகைச் சோதனையின் அறிக்கைதான் அன்று என் கையில் இருந்தது.

ஆகவே மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். என் கணவரை மறுமதிப்பீட்டுக்கு அழையுங்கள். அறிக்கையைப் படியுங்கள். எனக்குப் பத்து நிமிடம் கொடுங்கள். முடிந்தால் அவரிடம் கேள்வி கேட்கும்போது உங்களில் இருவர் சேர்ந்து கேளுங்கள், ஒருவர் கன்னடத்தில், ஒருவர் இந்தியில். அதன் பிறகும் இல்லை என்றால், காரணத்தை எழுத்தில் தாருங்கள், மேல்முறையீட்டுக்கு உதவும்.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
ஒரு மனுதாரரின் மனைவி,
அல்சூர், பெங்களூரு