அந்த டிக்கை நாங்களே போட்டுக்கொள்கிறோம்

இலவசமாக மென்பொருள் தரும் நிறுவனங்களுக்கும், அவற்றைக் கணினியில் ஏற்றும் இன்ஸ்டாலரை எழுதுபவர்களுக்கும், டவுன்லோடு தளங்களை நடத்துபவர்களுக்கும்

வணக்கம்.

நீங்கள் தரும் மென்பொருள்களை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருபவன் நான். சொந்தக்காரர்கள், நண்பர்கள் என்று யாருடைய கணினி மக்கர் செய்தாலும் அதைப் பார்த்துச் சரிசெய்யும் வேலையும் என்னிடம்தான் வரும். அந்தக் கணினிகளில் பிரவுசரைத் திறந்தால் கேள்விப்படாத தேடுபொறி ஒன்று வந்து நிற்கும். அதற்கு மேல் பொத்தான்கள் அடுக்கிய பட்டைகளாக இரண்டு மூன்று டூல்பார்கள். திரையின் மூலையில் "உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது" என்று மிரட்டும் ஒரு ஸ்கேனர். இதையெல்லாம் யார் போட்டது என்று கேட்டால் கணினிக்குச் சொந்தக்காரருக்கே தெரியாது. அவர் போட்டது ஒரு வீடியோ பிளேயர், இல்லையென்றால் கோப்புகளைப் பிடிஎஃப் ஆக்கித் தரும் ஒரு சின்ன மென்பொருள். மற்றவை எல்லாம் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தவை.

உங்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. கூடுதல் மென்பொருள் எதையாவது சேர்த்துத் தர விரும்பினால் தாருங்கள். அதற்கு எதிரே இருக்கும் கட்டத்தில் நீங்களே டிக் போட்டு வைக்காதீர்கள். வேண்டும் என்பவர் போட்டுக்கொள்வார்.

"எல்லாம் திரையிலேயே எழுதியிருக்கிறதே, வேண்டாதவர்கள் டிக்கை எடுத்துவிடலாமே" என்று நீங்கள் சொல்வீர்கள். சரி, அந்தத் திரையைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். 'எக்ஸ்பிரஸ்' என்ற தேர்வு, 'பரிந்துரைக்கப்படுகிறது' என்ற குறிப்போடு பளிச்சென்று இருக்கிறது. 'கஸ்டம்' என்பது மங்கிய சாம்பல் நிறத்தில், தொடவே முடியாதது போல் இருக்கிறது. கூடுதல் மென்பொருள்களின் பட்டியல் அந்தச் சாம்பல் எழுத்துக்குப் பின்னால்தான் ஒளிந்திருக்கிறது. இன்னொரு இன்ஸ்டாலரில், நாம் கேட்ட மென்பொருளின் உரிம ஒப்பந்தம் முடிந்ததும், அதே வடிவில், அதே இடத்தில், 'ஏற்கிறேன்' பொத்தானோடு வேறொரு நிறுவனத்தின் ஒப்பந்தம் வருகிறது. 'மறுக்கிறேன்' என்று அழுத்தினால் கேட்ட மென்பொருளும் வராமல் போய்விடுமோ என்று பயந்தே பலர் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆங்கிலம் தட்டுத்தடுமாறிப் படிப்பவர், கண் மங்கிய முதியவர், அவசரத்தில் இருப்பவர் என்று யாரெல்லாம் படிக்காமல் கடப்பார்களோ அவர்களை நம்பித்தான் இந்தத் திரை வரையப்பட்டிருக்கிறது. இதை வடிவமைத்தவருக்கு அது நன்றாகவே தெரியும்.

அனுமதி விஷயம் இன்னும் மோசம். விண்டோஸில் ஒரு மென்பொருளை இன்ஸ்டால் செய்யும்போது, "இது உங்கள் கணினியில் மாற்றங்கள் செய்ய அனுமதிக்கிறீர்களா?" என்று ஒரு பெட்டி வரும். அதில் ஒரு நிறுவனத்தின் பெயர் இருக்கும். அந்தப் பெயரை நம்பி 'ஆம்' என்கிறோம். அந்த ஒற்றை 'ஆம்' கையில் கிடைத்ததும், அதே அதிகாரத்தோடு வேறு நாலு நிறுவனங்களின் மென்பொருள்களும் உள்ளே போகின்றன. கதவைத் திறந்தது ஒருவருக்கு, வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது ஐந்து பேர் என்ற கதைதான். அவர்களுடைய பெயரை அந்தப் பெட்டி எங்களுக்குக் காட்டவே இல்லை.

உள்ளே வருவது என்ன என்று உங்களுக்கே தெரியாத நிலையும் உண்டு. அடுத்தவர் மென்பொருளை ஏற்றித் தந்து காசு வாங்கும் இந்த ஏற்பாட்டுக்கு 'பே பர் இன்ஸ்டால்' என்று பெயர். ஒரு கணினியில் ஒருமுறை ஏறினால் இவ்வளவு என்று காசு. கூகுளும் நியூயார்க் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் இன்ஸ்டாலுக்குப் பத்து சென்ட்டிலிருந்து ஒன்றரை டாலர் வரை விலை இருந்ததாகச் சொல்லப்பட்டது. வேண்டாத மென்பொருள் பற்றி அப்போது கூகுளின் பாதுகாப்புச் சேவை வாரத்துக்கு 6 கோடிக்கும் மேல் எச்சரிக்கைகளைக் காட்டிக்கொண்டிருந்தது. எந்தக் கணினிக்கு எதைக் காட்டுவது என்பது இன்ஸ்டாலர் ஓடும் நேரத்தில்தான் எங்கோ இருக்கும் சர்வரில் முடிவாகும். சில இன்ஸ்டாலர்கள் முதலில் கணினியில் எந்த ஆன்டிவைரஸ் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, மாட்டிக்கொள்ளாத சரக்கை மட்டும் இறக்கும். நீங்கள் அலுவலகத்தில் சோதித்துப் பார்த்த இன்ஸ்டாலரும், இன்னொரு நாட்டில் ஒருவர் ஓட்டும் இன்ஸ்டாலரும் ஒரே கோப்புதான். உள்ளே இறங்குவது வேறு வேறு.

இதையெல்லாம்விட எனக்கு மனம் ஆறாத ஒன்று உண்டு. பாதுகாப்பு அப்டேட்டுகளிலும் இதைச் சேர்த்தார்கள். பல மென்பொருள்களும் இணையப் பக்கங்களும் ஓட அன்று தேவைப்பட்ட, ஆரக்கிள் நிறுவனத்தின் ஜாவாவை நினைத்துப் பாருங்கள். 2013 ஜனவரியில் பிரவுசரோடு இணைந்து ஓடும் அதன் பிளகினில் ஒரு பெரிய ஓட்டை வெளிப்பட்டு, பிரவுசரில் ஜாவாவை அணைத்து வையுங்கள் என்று அமெரிக்க அரசே மக்களுக்குச் சொன்னது. ஆரக்கிள் அவசரமாக அப்டேட் வெளியிட்டது. எல்லோரும் உடனே போட்டாக வேண்டிய அந்த நாட்களின் ஜாவா அப்டேட்டுகளில் ஆஸ்க் என்ற தேடுபொறியின் டூல்பாரும் முன்கூட்டியே போட்ட டிக்கோடு சேர்ந்து வந்தது. போன முறை வேண்டாம் என்று டிக்கை எடுத்திருந்தாலும், அடுத்த அப்டேட்டில் மறுபடியும் டிக் போட்டே வரும். ஜாவா ஏறி முடிந்து பத்து நிமிடம் சும்மா இருந்துவிட்டு, அதற்கப்புறம்தான் டூல்பார் ஏற ஆரம்பிக்கிறது என்பதையும் அப்போதே கண்டுபிடித்து எழுதினார்கள். தவறைக் கவனித்து உடனே நீக்கப் போனவருக்கு அங்கே நீக்குவதற்கு ஒன்றும் இருக்காது. பிரவுசரில் வீடியோவும் விளையாட்டும் ஓட அன்று தேவைப்பட்ட அடோபி ஃபிளாஷ் பிளேயரும் அப்படித்தான்; டவுன்லோடு பக்கத்திலேயே மெக்காஃபி நிறுவனத்தின் பாதுகாப்பு ஸ்கேனருக்கு டிக் போட்டு வைத்திருந்தார்கள்.

இதனால் என்ன ஆனது? அப்டேட் என்றாலே ஏதாவது குப்பை வரும் என்று மக்கள் பழகிவிட்டார்கள். "பிறகு நினைவூட்டு" என்பதையே மாதக்கணக்கில் அழுத்தினார்கள். ஏன் அப்டேட் செய்யவில்லை என்று நான் கேட்டவர்களில் பலர், "போன தடவை செய்தபோது கூகுள் காணாமல் போய்விட்டது" என்றுதான் சொன்னார்கள். அன்றைக்குத் தாக்குதல்காரர்கள் அதிகம் குறிவைத்தவை ஜாவாவும் ஃபிளாஷும்தான். ஓட்டையை அடைக்கும் கோப்பைக் கண்டு மக்கள் ஒதுங்கிப் போகும்படி செய்தது அந்தச் சின்ன டிக். டூல்பாரை நீக்க ஐந்து நிமிடம் போதும். அப்டேட் மீது விழுந்த சந்தேகத்தை நீக்க என்னால் இன்றுவரை முடியவில்லை.

டவுன்லோடு தளங்களை நடத்துபவர்களே, உங்கள் பங்கும் சின்னதல்ல. 2011இல் சிநெட் நிறுவனத்தின் டவுன்லோடு தளம் என்மேப் என்ற பாதுகாப்புக் கருவியைத் தன் சொந்த இன்ஸ்டாலருக்குள் சுற்றி, டூல்பாரோடு சேர்த்துத் தந்தது. என்மேப்பை எழுதிய கார்டன் லயன் பொதுவெளியில் கண்டித்த பிறகுதான் அதை எடுத்தார்கள். சோர்ஸ்ஃபோர்ஜ், யாரும் பயன்படுத்தி மாற்றிக்கொள்ளக்கூடிய கட்டற்ற மென்பொருளை எழுதுபவர்களின் தாய்வீடாக இருந்த தளம். அங்கே இந்தப் பழக்கம் தொடங்கியதும் 2013இல், படங்களைத் திருத்தும் ஜிம்ப் என்ற மென்பொருளின் குழு தன் விண்டோஸ் இன்ஸ்டாலரை அங்கிருந்து எடுத்துக்கொண்டு வெளியேறியது. 2015இல், கைவிடப்பட்டது என்று சொல்லி அந்தப் பழைய ஜிம்ப் பக்கத்தைத் தளமே எடுத்துக்கொண்டு, கூடுதல் சரக்கோடு இன்ஸ்டாலரை வழங்கியது. ஊதியம் இல்லாமல் வருடக்கணக்கில் உழைத்தவர்களின் பெயரில் வேறொருவர் விளம்பர மென்பொருளை ஏற்றுவதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. 2016இல் தளம் கைமாறியதும் புதிய உரிமையாளர்கள் முதலில் செய்த வேலைகளில் ஒன்று இந்தத் திட்டத்தை நிறுத்தியது. ஆக, நிறுத்த முடியும்.

சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. இலவச ஸ்கிரீன்சேவர், விளையாட்டு என்று கொடுத்து விளம்பர மென்பொருளை ஏற்றிய ஸாங்கோ நிறுவனம் 2006இல் அமெரிக்க வணிக ஆணையத்திடம் 30 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. முன்கூட்டியே டிக் போட்ட கட்டம் சம்மதம் ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019 அக்டோபரில் பிளானட்49 வழக்கில் தீர்ப்பளித்தது. அது, இணையதளங்கள் நம் பிரவுசரில் வைத்துவிட்டுப் போகும் குக்கீ என்ற சின்னத் தகவல் கோப்புகளைப் பற்றிய வழக்குதான். ஆனாலும் ஒரு குக்கீக்கே அந்தச் சம்மதம் போதாது என்றால், முழு மென்பொருள் ஒன்றைக் கணினியில் ஏற்ற அது எப்படிப் போதும்? 2020இல் மைக்ரோசாஃப்டின் ஆன்டிவைரஸ், கணினியைத் துப்புரவு செய்யும் சிகிளீனர் என்ற மென்பொருளின் இலவச இன்ஸ்டாலர் சிலவற்றைத் தேவையற்ற செயலிகளின் வகையில் சேர்த்தது. காரணம், கூடச் சேர்த்துக் கொடுத்த மென்பொருள்கள். உங்கள் சொந்த உழைப்பின் மேலும் அந்த முத்திரை விழலாம்.

காசு வேண்டும் என்பது எனக்குப் புரிகிறது. சர்வருக்கு வாடகை, நிரலாளருக்குச் சம்பளம், எதுவும் சும்மா வருவதில்லை. நன்கொடை கேளுங்கள், தருகிறோம். கூடுதல் வசதிகளோடு கட்டணப் பதிப்பு வையுங்கள், வாங்குகிறோம். இன்னொரு நிறுவனத்தின் மென்பொருளையே பரிந்துரைத்தாலும் தவறில்லை. "இதை நீங்கள் ஏற்றினால் எங்களுக்குக் கொஞ்சம் பணம் கிடைக்கும்" என்று நேராக எழுதி, கட்டத்தைக் காலியாக விடுங்கள். நானே சிலவற்றுக்கு டிக் போடுவேன். கட்டம் காலியாக இருந்தால் எண்ணிக்கை விழுந்துவிடும் என்று உங்கள் கணக்குப் பிரிவு சொல்லும். விழும்தான். விழுகிற அத்தனை பேரும் அந்த மென்பொருளை வேண்டாதவர்கள். இதுவரை அவர்கள் பெயரில்தான் காசு வாங்கிக்கொண்டிருந்தீர்கள்.

இன்னும் சில. ஒருமுறை வேண்டாம் என்றவரிடம் அடுத்த அப்டேட்டில் மறுபடி கேட்காதீர்கள். பாதுகாப்பு அப்டேட்டில் எதையுமே சேர்க்காதீர்கள்; காலிக் கட்டமாகக்கூட வேண்டாம். உங்கள் மென்பொருளை நீக்கும்போது, அதோடு வந்தவை எவை என்று காட்டி, அவற்றையும் நீக்கட்டுமா என்று கேளுங்கள். மாற்றிய தேடுபொறியைப் பழையபடி வைத்துவிட்டுப் போங்கள். டவுன்லோடு தளங்கள், எழுதியவர் தந்த கோப்பை அவருடைய டிஜிட்டல் கையொப்பத்தோடு ஒரு பைட்கூட மாற்றாமல் அப்படியே கொடுத்தால் போதும்.

இவற்றில் முதல் வேலைக்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. இன்ஸ்டாலர் ஸ்கிரிப்ட்டில் அந்தக் கட்டத்தின் ஆரம்ப நிலை ஒரே ஒரு வரியில் இருக்கிறது. அடுத்த பதிப்பை வெளியிடும் முன் அதை மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மென்பொருளைத் தொடர்ந்து பயன்படுத்த விரும்பும் ஒருவன்