பிரசவ அறைக்குள் அந்தப் பழைய சேலையையும் விடுங்கள்

தமிழ்நாட்டு மருத்துவமனைகளின் கண்காணிப்பாளர்களுக்கும், மகப்பேறு மருத்துவர்களுக்கும், பிரசவ அறைப் பொறுப்பில் இருக்கும் செவிலியர்களுக்கும்,

வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரசவ வலியோடு உங்களிடம் வரும் பெண், தனக்குப் பழகிய நாலைந்து பொருட்களைக் கட்டிலருகே வைத்துக்கொள்ள அனுமதி கொடுங்கள். விளக்கைக் குறைக்கச் சொன்னால் முடிந்தவரை குறையுங்கள். இந்த அனுமதியை வாய்வார்த்தையாக இல்லாமல் எழுத்தில் கொடுங்கள். எழுத்தில் எதற்கு என்றுதான் இந்த மடலில் அதிகம் பேசப்போகிறேன்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. பாட்டி தலைமுறையில் பிரசவத்தில் ஒரு பெண்ணைப் பறிகொடுத்த குடும்பங்கள் பல. அந்த நிலைமையை மாற்றியவர்கள் நீங்கள். உங்கள் மேல் எனக்கு இருக்கும் மரியாதையோடுதான் இதை எழுதுகிறேன்.

என் தங்கையின் தலைப்பிரசவத்துக்கு நான்தான் துணைக்கு இருந்தேன். தனியார் மருத்துவமனை, தனி அறை. அம்மா கட்டிப் பழசான ஒரு சுங்குடிச் சேலை, ஒரு சின்னத் தலையணை, பேட்டரியில் எரியும் மஞ்சள் விளக்கு, கைப்பேசியில் கொஞ்சம் வீணை இசை. அவள் கொண்டுவந்தது இவ்வளவுதான். காலையில் பணியில் இருந்த சிஸ்டர் தானே சேலையைக் கட்டில் கம்பியில் சுற்றி, இழுத்தால் அவிழாதபடி முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். ஒவ்வொரு வலிக்கும் தங்கை அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்து நிற்பாள். வலி விட்டதும் டியூப்லைட் இல்லாத அந்த வெளிச்சத்தில் அப்படியே கண் செருகிவிடும்.

மதியம் ஷிப்டு மாறியது. புதிதாக வந்த சிஸ்டர் எல்லா விளக்கையும் போட்டார். "என்னம்மா இது, ரூமை இப்படி வச்சிருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டே சேலையை அவிழ்த்து மடித்து என் கையில் கொடுத்தார். அவர் திட்டவில்லை. அறையை ஒழுங்கு செய்வதாகத்தான் நினைத்திருப்பார். அடுத்த வலி வந்தபோது தங்கையின் கை சேலை இருந்த இடத்தைத் துழாவிவிட்டு, வெறும் கம்பியைப் பிடித்தது. சேலை இருக்கலாமா கூடாதா என்பதை அந்த மருத்துவமனை எங்கேயும் எழுதி வைத்திருக்கவில்லை. யார் பணியில் இருக்கிறாரோ அவர் சொன்னதுதான் விதி.

கதவு திறந்து கிடந்த அந்தச் சில நிமிடங்களில் வராந்தாவில் இருந்த சொந்தங்களும் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டார்கள். "நாங்கல்லாம் பெத்துக்கலையா?" என்றார் பெரியம்மா. பிள்ளை பிறக்கும் முன்னே இப்படியெல்லாம் செய்தால் கண் பட்டுவிடும் என்றார் அத்தை. "அந்தச் சேலையை அப்புறம் யாரு துவைக்கிறது, தீட்டு" என்றார் மாமியார். இருட்டாக இருந்தால் டாக்டருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார் மாமனார். யாரும் கெட்ட எண்ணத்தோடு பேசவில்லை. மாமனார் கேட்டதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் எல்லாமே தங்கையின் காதில் விழுந்தது. "வேண்டாம்க்கா, எடுத்து வச்சிரு" என்றாள்.

நம் வீடுகளில் சாதாரண நாளிலேயே ஒரு மருமகள் தனக்கு வேண்டியதை வாய்விட்டுக் கேட்பது எளிதில்லை. வலியில் இருப்பவள் யாரோடு வாதாடுவாள்? அவளுக்காக நான் பேசினால், அக்காவும் தங்கச்சியும் சேர்ந்து ஆட்டம் போடுகிறார்கள் என்று ஆகிவிடும். அதையே ஒரு சிஸ்டர், "இது அவங்க கேஸ் ஷீட்லயே இருக்கும்மா, டாக்டர் சரின்னுட்டாங்க" என்று சொன்னால் அதற்கு மேல் யாரும் பேசமாட்டார்கள். உங்கள் சீருடைக்கு அந்த மதிப்பு இருக்கிறது. அதை அவள் பக்கம் கொஞ்சம் செலவழியுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இதெல்லாம் வசதி படைத்தவர்களின் ஆசை என்று சிலருக்குத் தோன்றலாம். பயமும் பதற்றமும் கூடும்போது உடம்பில் அட்ரினலின் சுரக்கிறது. அது கருப்பை சுருங்குவதை மந்தமாக்கக்கூடும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெண் தானே தேர்ந்தெடுக்கும் துணையைப் பரிந்துரைக்கிறது. ஆபத்தில்லாத பிரசவம் என்றால் நடமாட விடுங்கள், குடிக்கவும் சாப்பிடவும் கொடுங்கள் என்கிறது. வலியைத் தாங்க உதவும் வழிகளில் மூச்சுப்பயிற்சியோடு இசையையும் சேர்த்திருக்கிறது. நம் அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணைத் திட்டம் 2004-லேயே வந்துவிட்டது. மத்திய அரசின் 'லக்ஷ்யா' திட்டம் 2017-இல் தொடங்கியபோது, மறைப்பும் மரியாதையும் பிரசவ அறையின் தரத்துக்குள் வந்தன. நான் கேட்பது இவற்றிலிருந்து ஓர் எட்டுதான் தள்ளி.

அறையே வீடுபோல இருந்தால் என்ன ஆகிறது என்றும் பார்த்திருக்கிறார்கள். வழக்கமான பிரசவ அறையையும், மருத்துவமனைக்குள்ளேயே வீடுபோல அமைத்த அறையையும் ஒப்பிட்ட 10 ஆய்வுகளை, மொத்தம் 11,000-க்கும் மேற்பட்ட பெண்களின் தகவல்களோடு, 2012-இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு ஒன்று அலசியது. வீடுபோன்ற அறைகளில் இயல்பான பிரசவம் ஓரளவு கூடியிருந்தது, எபிசியாட்டமி, அதாவது பிள்ளை வெளியே வர பிறப்புவாயில் போடும் வெட்டு, குறைந்திருந்தது, பெண்களுக்குத் திருப்தியும் அதிகம். பிற்பாடு சுவீடனின் கோதன்பர்க்கில், வெளிச்சத்தையும் ஒலியையும் பெண்ணே மாற்றிக்கொள்ளும்படி ஓர் அறை அமைத்துச் சோதித்தபோது, முக்கிய முடிவுகளில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. அதனால், சேலையைக் கட்டினால் சிசேரியன் தப்பும் என்று நான் வாதாடவில்லை. பிள்ளை பெறுகிறவள் அவள். அந்தச் சில மணி நேரத்துக்கு அந்த இடம் அவள் சொன்னபடி இருப்பதற்கு அந்தக் காரணமே எனக்குப் போதும்.

உங்கள் கவலைகளும் புரிகின்றன. ஆக்சிஜன் இருக்கும் அறையில் அகல்விளக்கோ ஊதுபத்தியோ சூடமோ கூடவே கூடாது. எக்ஸ்டென்ஷன் ஒயரை இழுத்துப் போட்டால் யாராவது தடுக்கி விழுவார்கள். குழந்தைக்கு மூச்சுக் கொடுக்கும் மேசைக்குப் போகும் வழியில் ஒரு பை கூட இருக்கக்கூடாது. கண்ணாடி வளையல் உடைந்தால் குத்தும், கழற்றத்தான் வேண்டும். அதைக் கழற்றும்போது மட்டும், வளைகாப்பில் அடுக்கிய வளையல் அது என்பதை நினைத்து, ஒரு துணிப்பையில் போட்டு அவள் கண்ணெதிரே வையுங்கள். துவைத்து வெயிலில் காயவைத்த துணி, துடைக்கக்கூடிய பேட்டரி விளக்கு, சின்னப் பிள்ளையார் படமோ மாதா படமோ, காதில் மாட்டிக் கேட்கும் ஓதலோ பாட்டோ, இவற்றால் எந்தச் சிகிச்சையும் தடைபடாது. வலியின் முதல் கட்டத்தில் வெளிச்சம் குறைவாக இருக்கலாம். பரிசோதனைக்கும் பிள்ளை வெளியே வரும்போதும் ஸ்பாட்லைட்டைப் போட்டுக்கொள்ளலாம். மாமனாருக்கும் இதே பதிலைச் சொல்லலாம்.

அரசு மருத்துவமனையில் தனி அறை ஏது என்று கேட்பீர்கள். வரிசையாக மேசைகள் போட்டிருக்கும் கூடத்தில் அறையை மாற்ற முடியாதுதான். ஆனால் நாலு பக்கமும் ஒழுங்காக மூடும் ஒரு திரை, தலைமாட்டில் ஒரு சின்னத் தட்டு, கைக்கெட்டும் தூரத்தில் அவள் பொருள் இரண்டு. இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. மாறாக, சில தனியார் மருத்துவமனைகள் 'பர்த்திங் சூட்' என்று பெயர் வைத்து, சுவர்ப்படமும் பலூனுமாக அலங்கரித்து, அதற்குத் தனிக் கட்டணம் வாங்குவதில் எனக்குச் சம்மதமில்லை. பலூன் போட்டோவுக்கு நன்றாக இருக்கும். வலி வரும்போது அவளுக்கு என்ன வேண்டும் என்று அவளிடம் யார் கேட்டார்கள்?

எட்டாம் மாதச் செக்கப்பின்போது கேளுங்கள். ஒரு பக்கத் தாள், தமிழில். துணைக்கு யார், வெளிச்சம் எப்படி, என்னென்ன கொண்டுவருகிறாய், எந்த நிலையில் இருந்தால் உனக்குச் சௌகரியம், உள்ளே யார் வரக்கூடாது. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். கேட்கும்போது மாமியாரும் கணவரும் வெளியே உட்காரட்டும். அவர்கள் பக்கத்தில் இருந்தால் அவள் "அவங்க சொல்றதுதான்" என்பாள். மருத்துவர் முடியாது என்பதை அடித்துவிட்டு, ஏன் முடியாது என்று அங்கேயே சொல்லிவிடட்டும். மீதியில் கையெழுத்துப் போட்டு கேஸ் ஷீட்டோடு பின் செய்துவிடுங்கள். ஷிப்டு மாறும்போது பி.பி., இதயத்துடிப்போடு இந்தத் தாளையும் சொல்லி ஒப்படைக்க வேண்டும். அன்றைக்கு அவள் மனம் மாறினால் அதுவும் சரி. விளக்கு வேண்டாம் என்று எழுதியவள் விளக்கைப் போடச் சொன்னால் போடுங்கள்.

வராந்தாவில் காத்திருப்பவர்களுக்கும் ஒரு வழி செய்யுங்கள். சொந்தக்காரர்கள் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கவலைப்படுகிற மனசு பேசத்தான் செய்யும். மணிக்கொரு தரம் ஒரு சிஸ்டர் வெளியே வந்து தாயும் பிள்ளையும் எப்படி இருக்கிறார்கள் என்று இரண்டு வார்த்தை சொன்னால், சேலையைப் பற்றியும் விளக்கைப் பற்றியும் பேச்சு பாதியாகக் குறைந்துவிடும். பார்த்துக்கொண்டிருப்பதற்கு வேறு எதுவும் இல்லாதபோதுதான் கண்ணில் பட்டதைப் பற்றியெல்லாம் பேசுகிறோம்.

ரத்தப்போக்கோ, குழந்தையின் துடிப்பில் இறக்கமோ வந்தால் எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். அப்போது அவளோ நாங்களோ குறுக்கே நிற்கமாட்டோம். "இப்ப எல்லா லைட்டும் போடப்போறோம்மா, குழந்தையைச் சீக்கிரம் எடுக்கணும்" என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
தங்கையின் பிரசவத்துக்குத் துணை நின்ற ஓர் அக்கா