கீழ்வீட்டுப் பியானோ

கென்டிஷ் டவுன், லண்டன்

அன்புள்ள அப்பாவுக்கு,

செல்வியின் கடிதம் கிடைத்தது. உங்கள் முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருந்தாள். இங்கே நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. குளிருக்குப் பழகிவிட்டேன். அம்மா கொடுத்த பருப்புப்பொடி இன்னும் இருக்கிறது.

யாரோடும் பேசாத கீழ்வீட்டுத் தாத்தா, நீங்கள் ஆர்மோனியம் பழுது பார்ப்பவர் என்றதும் என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார். தன் பியானோவின் முன்பலகையைக் கழற்றிக் காட்டினார். ஜான் பிரின்ஸ்மீட் என்று செய்தவர் பெயர் போட்டிருந்தது. இந்தத் தெருக்காரர்களுக்கே அந்தப் பெயர் தெரியவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. நூலகத்தில் பழைய வணிக முகவரிப் புத்தகங்களைப் புரட்ட ஆரம்பித்தேன்.

பிரின்ஸ்மீட் 1814-ல் டெவன் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். லண்டனுக்கு வந்து சின்னப் பட்டறை போட்டார். அது வளர்ந்து, நான் தினமும் நடக்கும் கிராஃப்டன் சாலையில் தொழிற்சாலையே வந்தது. அந்தக் காலத்தில் கேம்டன், கென்டிஷ் டவுன் முழுக்கப் பியானோப் பட்டறைகள்தான். மரம் கால்வாயில் படகேறி வந்து இறங்குமாம். ஒரே கட்டையை வேகமாகத் திரும்பத் திரும்பத் தட்டினாலும் உள்ளே கம்பியை அடிக்கும் சுத்தியல் தடுமாறாமல் அடிக்க ஒரு அமைப்பு செய்து, 1868-ல் காப்புரிமை வாங்கியிருக்கிறார். நீங்கள் பார்த்தால் விடவே மாட்டீர்கள். 1878-ல் பாரிஸ் கண்காட்சியில் பிரெஞ்சு அரசின் லெஜியன் ஆஃப் ஹானர் விருதும் கிடைத்தது. 1908-ல் இறந்தார். முதல் உலகப் போருக்குப் பிறகு கம்பெனி நொடித்து, கிராமர் என்ற இன்னொரு பியானோ கம்பெனி கைக்குப் போய்விட்டது. இவ்வளவு நல்ல வேலைக்காரரை ஊர் மறந்தது எனக்கு ஆறவே இல்லை.

பலகையைக் கழற்றியதும் பழைய மரமும் கம்பளியும் கலந்து ஒரு வாசனை வந்தது. நம் பட்டறை வாசனை அப்பா. தாத்தா ஏதோ கேட்டார், எனக்குப் பேச்சு வரவில்லை.

சரி, வீட்டு விஷயம். இந்த மாதப் பணம் பத்து தேதிக்கு மேல்தான் வரும், வங்கியில் தாமதம், வேறொன்றுமில்லை. சும்மா இருக்கப் பிடிக்காமல் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகிறேன். சித்தப்பா எவ்வளவு அவசரப்படுத்தினாலும் வில்லங்கச் சான்று பார்க்காமல் மேலக்காட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அப்புறம், மாப்பிள்ளை வீட்டார் தை மாதமே கல்யாணம் என்றால் மாசிக்குத் தள்ளக் கேளுங்கள். எனக்கு அப்போதுதான் லீவு. செல்விக்குச் சங்கிலி போட அம்மாவின் வளையலை அழிக்க வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மகன் சேகர்