வார்டு டூட்டி பட்டியல் போடுறவங்க கவனத்துக்கு

வணக்கமுங்க. நர்சிங் மாணவிகளுக்கு டூட்டி போடறப்ப அறைத்தோழிகளை ஒண்ணாச் சேர்த்துப் போட வேண்டாம். அப்படிப் போட்டா ஊசியும் டிரெஸ்ஸிங்கும் ஒரே கூட்டத்துக்குப் போயிடும். பெட்பேன் எடுக்கறவங்களுக்கு லாக்புக் (செஞ்சு பழகின சிகிச்சை வேலைகளைப் பதியற நோட்டு) காலியாவே கிடக்கும். 6 பேர், 6 வேலை: முதல் வாரம் சீட்டுக் குலுக்கல், அப்புறம் ஒவ்வொரு திங்கக்கிழமையும் ஒரு இடம் நகர்த்துங்க. 6 வாரத்துல எல்லாரும் எல்லாம் பார்த்திருப்பாங்க.

கேரளாப் பிள்ளைங்களோட இந்தப் பக்கத்துப் பேச்சு தெரிஞ்ச ஒருத்தரைப் போடுங்க. "வவுத்தால போகுது"ன்னு (பேதி) நோயாளி சொன்னதை வயித்துவலின்னு எழுதினா நீரிழப்பு கண்ணுல படாது. அதுக்காகக் கேலி பண்றது ரொம்பத் தப்பு, அப்புறம் அந்தப் பிள்ளை சந்தேகமே கேக்காது.

மாரியம்மன் நோம்பிக்கு டூட்டி மாத்தறோமில்ல, ஓணத்துக்கும் ரம்ஜானுக்கும் அதே மாதிரி மாத்துங்க. "நீ என்ன ஆளுங்க?"ன்னு நோயாளி கேட்டா வார்டு சிஸ்டரைக் கூப்பிடுங்க, மாணவியை இடம் மாத்தாதீங்க.